சாயங்கால மாத்திரை

அத்தியாயம் 11

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கே கஸ்தூரிரங்கன் டைரியோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். டைரி அவருடையது அல்ல. மனைவி லோகநாயகி எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு விழுங்கினாள் என்று குறித்து வைக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நீல அட்டை டைரி. காலைக்கு ஒரு கட்டம், சாயங்காலத்துக்கு ஒரு கட்டம், பக்கத்தில் கவனித்துக்கொள்பவரின் கையெழுத்து.

"ஆறு ஐம்பது. ரெண்டு மாத்திரை. வாயைத் திற."

"நான் என்ன எல்கேஜியா?" என்றாள் லோகநாயகி. ஆனாலும் விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள்.

அவர் டிக் போட்டார், கையெழுத்துப் போட்டார். தாம்பரம் பணிமனையில் மின்ரயில் பெட்டிகளின் பிரேக்கைச் சோதித்து, ஓடத் தகுதியானது என்று எழுதிக் கொடுப்பது முப்பத்தாறு வருடம் அவருடைய வேலை. இரும்பைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்பதைக் குடும்பத்தில் அத்தனை பேரும் இருநூறு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

காலை மாத்திரையைத்தான் அவர் இப்படிப் பார்த்தார். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஏழரை வரை அவருக்கு நடைப்பயிற்சி. திரும்பி வந்ததும் "ஆச்சா?" என்பார். "ஆச்சு" என்பாள். டிக்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு நாலு வரி. லோகநாயகி குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சர். அறுபது வயதில் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது, எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள், ஒன்றரை வருடத்தில் அது கல்லீரலில் முளைத்தது. இரண்டு வகை கீமோவுக்கும் அடங்கவில்லை. அப்போதுதான் டாக்டர் யக்ஞநாராயணன் புது மாத்திரை ஒன்றுக்கு நடக்கும் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். சேருகிற எல்லோருக்கும் வழக்கமான ஊசி உண்டு. பாதிப் பேருக்கு ஊசியோடு புது மாத்திரையும் உண்டு. யாருக்கு மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்ய மாட்டார், கம்ப்யூட்டர் முடிவு செய்யும்.

புனேயில் இருக்கும் மகன் ஷ்யாம்சுந்தர் "அம்மா என்ன சோதனை எலியா?" என்று போனில் குதித்தான். லோகநாயகி அவன் குதித்து முடிக்கும்வரை காத்திருந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டர் அவளுக்கு மாத்திரையைக் கொடுத்தது. அதே நாளில், அதே கூடத்தில், கானத்தூரைத் தாண்டி ஒரு குப்பத்திலிருந்து வந்திருந்த மீன் விற்கும் அங்காளம்மாவுக்குக் கொடுக்கவில்லை. இதே வியாதி, இதே கல்லீரல், ஊசி மட்டும்.

அதெல்லாம் நடந்து எட்டு வாரம் ஆகிவிட்டது. திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். இன்று முடிவு.

மகள் சுப்ரஜா காரை ஓட்டினாள். பெருங்குடியில் மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது அவள் வேலை. லீவு கிடைக்காததால் லேப்டாப்பும் பின் சீட்டில் பயணம் செய்தது. கேம்ப் ரோடில் இருபது நிமிடம், மேடவாக்கத்தில் பதினைந்து நிமிடம் நின்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்தாற்போல் இருந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. வழியெல்லாம் யாரும் ஸ்கேனைப் பற்றிப் பேசவில்லை. மேடவாக்கம் பாலத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

கூடத்தில் அங்காளம்மா முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"வா டீச்சர். ராவெல்லாம் தூக்கமே இல்ல. ஸ்கேனு இன்னா சொல்லுமோன்னு அதே நெனப்பு."

"எனக்கும்தான். டீ குடிச்சியா?"

"தோ, குடிச்சிகினு கீறேன்."

காகிதக் கப்பை அவள் புடவைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. சூட்டுக்காகச் சுற்றவில்லை என்பது சுப்ரஜாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"கைல என்னக்கா?"

"அத்த ஏன் கேக்குற. ஐஸு, உப்பு. மீனு அள்றதுதானே நம்ம பொயப்பு. முப்பது வருசமா அள்ளிகினு கீறேன், ஒண்ணும் ஆவல. இப்போ ஒரு மாசமா தோலு உரியுது." கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை சிவந்து, விரல் மடிப்புகளில் வெடித்திருந்தது. "காலும் அப்டிதான் கீது. செருப்புல வச்சா எரியுது."

"கால்லயும் ஐஸ் அள்ளுவீங்களா?"

அங்காளம்மா சிரித்தாள். லோகநாயகி சிரிக்கவில்லை. கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

சுப்ரஜா அந்தச் சம்மதப் படிவத்தை நாலு தடவை படித்தவள். இருபத்தாறு பக்கம். ஒன்பதாம் பக்கத்தில், புது மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியலாம் என்று இருந்தது. ரத்த அழுத்தம் ஏறலாம் என்பது அடுத்த வரி. ஊசி மட்டும் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை.

கோகிலவாணி கூப்பிட்டாள். ஆராய்ச்சியில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். யாரிடமும் குரலை உயர்த்தாமல் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தாள்.

"மேடம், காலி அட்டை எல்லாம் கொண்டு வந்தீங்களா? ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கரெக்ட். சார் டைரியும் கரெக்ட். உங்க ரெண்டு பேர் மாதிரி எல்லாரும் இருந்தா எனக்கு வேலையே இல்ல. கையைக் காட்டுங்க."

லோகநாயகி கையை நீட்டினாள்.

"சூப்பர். முதல் ரெண்டு வாரம் எரிச்சல்னு சொன்னீங்க. இப்ப பாருங்க, ஒண்ணுமே இல்ல. உடம்பு பழகிடுச்சு."

அடுத்து அங்காளம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மூன்றாவது தடவை வேறு கருவியை எடுத்து வந்து பார்த்தாள்.

"நூத்தி எழுபத்தெட்டு. கருவாடு சாப்பிட்டீங்களா?"

"கருவாடு துன்னாம என்னம்மா துன்றது? பொறந்ததுலேர்ந்து துன்னுகினுதான் கீறேன்."

"வேற மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?"

"இல்லம்மா" என்றாள் அங்காளம்மா. சொல்லிவிட்டு லோகநாயகியை ஒரு பார்வை பார்த்தாள். டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி பதில் சொல்லிவிட்டு டீச்சர் முகத்தைப் பார்க்கிற மாணவியின் பார்வை.

சுப்ரஜா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அம்மா, வா. தண்ணி பிடிச்சுட்டு வரலாம்."

"நீயே பிடிச்சுட்டு வாயேன்."

"வாம்மா."

குடிநீர்க் குழாய் வராந்தாவின் கடைசியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சதுப்பு நிலத்தில் நாரைகள் நின்றிருந்தன. வராந்தாவில் வேறு யாரும் இல்லை.

"உன் சாயங்கால மாத்திரை எங்க போகுது?"

லோகநாயகி பாட்டிலைக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். நிறைந்ததும் குழாயை மூடினாள்.

"முதல் ரெண்டு வாரம் நாலும் நான்தான் சாப்பிட்டேன். அப்புறம் காலைல ரெண்டு எனக்கு. சாயங்காலம் ரெண்டு அவளுக்கு."

"அம்மா, இது லெமன் ரைஸ் இல்ல."

சுப்ரஜா எரிச்சலில் சொன்னாள் என்றாலும் விஷயம் அங்கேதான் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறந்தால், முதலில் மூடியில் ஒரு பங்கை எடுத்து வைத்துப் பக்கத்தில் தள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் வாயில் வைக்கலாம். முப்பத்து நான்கு வருடம் லோகநாயகி தனியாக ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அங்காளம்மா இரண்டாவது ஊசிக்கு வந்த நாளில், "உனுக்குக் குடுத்து வச்சிருக்கு டீச்சர், எனுக்குக் கம்ப்யூட்டரு இல்லன்ட்டுது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாள். அதை லோகநாயகியால் தாங்க முடியவில்லை. அன்றைக்கே புது மாத்திரைகளை வாங்கிய கையோடு கழிவறைக்குள் போய், இரண்டு அட்டையை உரித்து, காலி பாட்டில் ஒன்றில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஊசிக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. காலி அட்டைகள் பத்திரமாக அவள் அலமாரியில் இருந்தன.

"அவங்களுக்குத் தெரியுமா அது என்ன மாத்திரைன்னு?"

"கால்சியம்னு சொல்லியிருக்கேன். எலும்புக்கு நல்லது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ரெண்டு போட்டுக்கோ, இதெல்லாம் மருந்துல சேராது, யாரும் கேட்டா சொல்ல வேண்டாம்னு."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வாங்க மாட்டா. வாங்கினாலும் கோகிலவாணிகிட்டயே போய் நன்றி சொல்லிட்டு வருவா."

"நூத்தி எழுபத்தெட்டும்மா. ஒன்பதாம் பக்கம் நீயும்தான படிச்ச? உனக்குன்னா ஒவ்வொரு தடவையும் அதைத் தேடிப் பாக்கறாங்க. அவங்களுக்கு யாரும் தேட மாட்டாங்க. கருவாடுன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க."

லோகநாயகி பாட்டில் மூடியைத் திருகினாள். மரை ஏறவில்லை. மறுபடி திருகினாள்.

"சொன்னா ரெண்டு பேரையும் எடுத்துடுவாங்க சுபி. ரெண்டு பேருக்கும் மாத்திரை நின்னுடும். கடையில போய் வாங்கற மாத்திரையா இது?"

"சொல்லலேன்னா அவங்க ஒரு நாள் பஸ்லயே விழுந்துடுவாங்க."

"முடிவைப் பாத்துட்டுப் பேசலாம்."

"நீ பாதி மருந்துதான் சாப்பிட்டிருக்க. அதையாவது யோசிச்சியா?" சுப்ரஜாவுக்குக் குரல் உடைந்தது. கோபம் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். அதற்கு அடியில் இருந்தது வேறு. "எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? எனக்கு நீ வேணும்மா. பாதியா இல்ல."

லோகநாயகி மகளின் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

பதினொன்றே காலுக்கு டாக்டர் யக்ஞநாராயணன் கூப்பிட்டார். கஸ்தூரிரங்கன் டைரியை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கல்லீரலில் மூன்று கட்டிகள். எட்டு வாரத்துக்கு முன் இருந்த அளவும் இன்றைய அளவும் பக்கத்துப் பக்கத்தில்.

"வளரல. அது நல்ல விஷயம். சுருங்கவும் இல்ல. உண்மையைச் சொன்னா மாத்திரையிலேர்ந்து நான் கொஞ்சம் அதிகமா எதிர்பார்த்தேன். நீங்க மருந்தையும் ஒரு வேளை விடாம எடுத்திருக்கீங்க."

"ஒரு வேளை விடல டாக்டர்" என்றார் கஸ்தூரிரங்கன்.

சுப்ரஜா தரையைப் பார்த்தாள்.

"ஒரு ஆள வச்சு எதுவும் சொல்ல முடியாது. நாற்பது பேர் ரிசல்ட்டையும் சேர்த்துப் பாத்துட்டுத்தான் இந்த மாத்திரை தேறுமா தேறாதான்னு சொல்லணும். இப்போதைக்குத் தொடருவோம்."

வெளியே வந்து உட்கார்ந்தார்கள். அங்காளம்மா உள்ளே போனாள். பத்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே லோகநாயகி எழுந்து நின்றுவிட்டாள்.

"சுருங்கிகீதாம் டீச்சர். பெரிய கட்டி நாப்பத்தொண்ணு மில்லிமீட்டரு இருந்துச்சாம், இருபத்தேயு ஆயிகீதாம். டாக்டரே ரெண்டு வாட்டி பாத்தாரு. வெறும் ஊசிக்கே இப்டி கேக்குதேன்றாரு." அவள் லோகநாயகியின் தோளில் முகத்தை வைத்து அழுதாள். "எம்பேத்தி சடங்க பாத்துருவேன் போலகீதே டீச்சர்."

லோகநாயகிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரத்தில் பொறாமையாகவும் இருந்தது. தன் இரண்டு மாத்திரை அங்கே போய் வேலை செய்திருக்கிறது. நாலும் தன் வயிற்றுக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. போட்டதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

பிறகு வேறொரு கணக்கு வந்தது. நாற்பது பேர் என்றார் டாக்டர். இருபது பேருக்கு மாத்திரை, இருபது பேருக்கு இல்லை. மாத்திரை வாங்கியவள் வரிசையில், சுருங்கவில்லை என்று எழுதியாகிவிட்டது. வாங்காதவள் வரிசையில், மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது என்று எழுதியாகிவிட்டது. இரண்டு பிள்ளைகளின் விடைத்தாள் மாறிப்போன மாதிரி. இப்படியே விட்டால் இந்த மாத்திரை தேறாது என்று ஒருநாள் எங்கோ ஒரு மேஜையில் முடிவு செய்வார்கள். அப்புறம் வரப்போகிற யாருக்கும் அது கிடைக்காது.

முப்பத்து நான்கு வருடம் விடைத்தாள் திருத்தியவளுக்கு அதை விளக்கிச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை.

கோகிலவாணி டைரியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கஸ்தூரிரங்கன் முன்னால் வைத்தாள். "சார், எட்டு வாரமும் நான் கவனிச்சேன்னு இங்க ஒரு கையெழுத்து. அடுத்த டைரி தரேன்."

அவர் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஏங்க" என்றாள் லோகநாயகி. "போடாதீங்க."

"ஏன்?"

"சாயங்கால மாத்திரை நான் சாப்பிடல. நாற்பத்திரண்டு நாளா."

அவர் புரியாமல் டைரியின் டிக்குகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் சொன்னாள். பாட்டில், கால்சியம், கழிவறை எல்லாவற்றையும் சேர்த்து, வகுப்பில் ஒரு கணக்கை முதல் படியிலிருந்து போட்டுக் காட்டுகிற குரலில் சொன்னாள். அங்காளம்மா மருந்தகத்துக்குப் போயிருந்தாள். கோகிலவாணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டாள்.

கஸ்தூரிரங்கன் பேனாவை மூடி டைரி மேல் வைத்தார்.

"தொட்டுப் பாக்காம நான் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்ல லோகா."

"தெரியும்."

"ஆச்சுன்னு சொன்ன. டிக் போட்டேன்."

"தெரியும்ங்க."

"பெட்டி மேல எனக்கு நம்பிக்கை கிடையாது, அதனால தொட்டுப் பாத்தேன். உன்னைத் தொட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணலயே."

அவர் கண் கலங்கியது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் லோகநாயகி இதை இரண்டாவது தடவையாகப் பார்க்கிறாள். முதல் தடவை ஆபரேஷன் அன்றைக்கு.

கோகிலவாணி ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "சார், தப்பா எழுதினதை அழிக்கக் கூடாது. ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் தேதியும் போடணும்."

"ரயில்வேயிலயும் அதான் ரூல்" என்றார் அவர். பேனாவை எடுத்து முதல் பொய் டிக்கின் குறுக்கே கோடு கிழித்தார். கையெழுத்து. தேதி. அடுத்தது. நாற்பத்திரண்டையும் முடிக்க அவருக்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சுப்ரஜா பக்கம் புரட்டிக் கொடுத்தாள்.

அதற்குள் கோகிலவாணி டாக்டர் அறைக்குப் போய்த் திரும்பியிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இன்னைக்கே மேல எழுதி அனுப்பணும். ஆராய்ச்சியைக் கண்காணிக்கிற கமிட்டி கூடி முடிவு சொல்ற வரைக்கும் ரெண்டு பேருக்கும் மாத்திரை கிடையாது. ஊசி நிக்காது. டாக்டர் கத்தல மேடம். கத்தியிருந்தா பரவாயில்லன்னு இருக்கு." டாக்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அங்காளம்மாவை உடனே கூட்டிட்டு வரச் சொல்றார். பிரஷருக்கு இன்னைக்கே அட்மிட் பண்ணணுமாம். அவங்ககிட்ட யார் சொல்றது?"

"நான்தான்" என்றாள் லோகநாயகி.

அங்காளம்மா மருந்துப் பையோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டதாம். குப்பத்தில் கோயிலுக்குப் பொங்கல் வைக்கச் சொல்லியிருக்கிறாளாம். லோகநாயகி அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவள் கையைப் பிடிக்கப் போய், அது எரியும் என்று ஞாபகம் வந்து, பிடிக்காமல் விட்டாள்.

"அங்காளம்மா, நான் குடுத்தது கால்சியம் இல்ல."

"பின்ன?"

"எனக்குக் குடுத்த புது மாத்திரை. அதுல பாதியை உனக்குக் குடுத்தேன்."

அங்காளம்மா மருந்துப் பையைப் பெஞ்சில் வைத்தாள்.

"கட்டி சுருங்குனது அதாலயா?"

"அப்படித்தான் நினைக்கிறேன்."

"தோலு உரியறது?"

"அதுவும்."

"பிரசரு?"

"அதுவும்தான்."

"இப்போ எதுக்கு சொல்ற?"

"அவங்ககிட்ட சொல்லிட்டேன். இனிமே ரெண்டு பேருக்கும் அது கிடையாது. கமிட்டி கூடி என்ன சொல்றாங்களோ. உன்னை டாக்டர் உள்ள கூப்பிடறார்."

அங்காளம்மா உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். அழுது முடித்த முகம் அப்படியே காய்ந்திருந்தது.

"உன்னாண்ட நான் கேட்டனா டீச்சர்?"

"இல்ல."

"குடுக்கறப்போ என்னைய ஒரு வார்த்த கேக்கல. நிறுத்தறப்பவும் கேக்கல. கேட்டிருந்தா வாங்கிகினுதான் இருப்பேன். கையி உரியும், பிரசரு ஏறும்னு தெரிஞ்சேகூட வாங்கிகினு இருப்பேன். அது வேற." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் லோகநாயகிக்குச் சுலபமாக இருந்திருக்கும். "பெரிய படிப்பு படிச்சவங்கோ இருவத்தாறு பக்கத்த வச்சிகினு என்னாண்ட ஒரு நாளெல்லாம் படிச்சு காட்டுனாங்கோ. புரியுதா, சம்மதமான்னு பத்து வாட்டி கேட்டாங்கோ. நீ ஒரு வாட்டி கேக்கல."

"உனக்கு நல்லது பண்றேன்னு நினைச்சேன். மன்னிச்சுக்கோ."

"நல்லதுதான் பண்ண. இல்லன்னு சொல்லல." அங்காளம்மா மடியைத் தடவிப் பார்த்தாள். ஒரு ராத்திரி போட மறந்து மிஞ்சிய கடைசி இரண்டு மாத்திரையும் அந்த பாட்டிலில் அங்கேதான் இருந்தன. கோகிலவாணி வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். அங்காளம்மா கொடுக்கவில்லை. மடியை இன்னும் ஒரு சுற்று இறுக்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

செருப்பைப் பெஞ்சடியிலேயே விட்டுவிட்டு, எரிகிற பாதங்களைப் பார்த்துப் பார்த்து வைத்து, டாக்டர் அறையை நோக்கி நடந்தாள். லோகநாயகியும் எழுந்து கூடவே போனாள். தப்பு தன்னுடையது, அவளைத் தனியாக உள்ளே அனுப்பக் கூடாது, அவளுக்காகத் தானே பேச வேண்டும் என்று நினைத்தாள்.

கதவருகில் அங்காளம்மா திரும்பினாள்.

"நீ இங்கயே இரு டீச்சர். எனுக்கு இன்னா வேணும்னு நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.